கிழக்கு எல்லை

நினைவிலிருந்து போட்டிருப்பார் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். இருபது நிமிஷத்தில் வந்துவிடுவாராம். உயரமான கட்டிலில் வசுமதி குப்புறப் படுத்திருந்தாள். ரவிக்கையைக் கழற்றி வாங்கிக்கொண்டு இடுப்புவரை பச்சைத் துணியைப் போர்த்திவிட்டிருந்தாள் நர்ஸ் பெனிட்டா. முதுகு மட்டும் ஏசிக் காற்றுக்குத் திறந்து கிடந்தது. அறுபத்து மூன்று வயதில் இப்படிக் கிடப்பதில் ஒரு கூச்சம் இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் அதன்மேல் வேறொன்று ஏறி உட்கார்ந்திருந்தது. நினைவிலிருந்து போட்டிருப்பார். டாக்டர் நவநீதன் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல பிள்ளை, அவள் மகளைவிட வயதில் சின்னவர். அவள் கொண்டுவந்த, அவளுடைய மச்சத்தைக் கணவர் அருணகிரி எப்போதோ வரைந்துவைத்த தாளை அவள் முதுகுக்கு மேலே நீட்டிப் பிடித்துத் தாளையும் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார். அதைக்கூட அவள் அவருடைய செருப்பின் அசைவில்தான் தெரிந்துகொண்டாள். கட்டில் விளிம்பில் தொங்கிய அவள் முகத்துக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைத் தரையும் இரண்டு நீலச் செருப்பும்தான். "இது முதுகெலும்புக்கு வலப்பக்கமா இருக்குங்கம்மா. உங்களுக்கு மச்சம் இடப்பக்கம். இந்த வால் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கே, உங்களுக்கு அது இடுப்பைப் பார்த்து இருக்கு, சார் தோளைப் பார்த்துப் போட்டிருக்கார். நினைவுல இருந்து போட்டிருப்பார். பரவாயில்லைங்க." பரவாயில்லை. அந்தச் சொல்தான் மீன்முள் மாதிரி நின்றது. அருணகிரி நினைவிலிருந்து எதையும் போடுகிற ஆள் இல்லை. முப்பத்து நான்கு வருஷம் சர்வேயர். பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிணற்று மேட்டின் மூலையை மட்டும் குத்துமதிப்பாகக் குறித்துவிட்டேன் என்று ராத்திரியெல்லாம் புரண்டு, விடிந்ததும் ஒன்பது மைல் சைக்கிளில் திரும்பிப் போய்ச் சங்கிலி போட்டு வந்தவர். யாரோ ஒருவனுடைய கிணற்று மேட்டுக்கு ஒன்பது மைல். இவளுடைய முதுகுக்கு நினைவு போதும் என்று இருந்துவிட்டாரா.

போன மாதம் வரை இது ஒன்றுமில்லாமல்தான் இருந்தது. தோள்பட்டைக்குக் கீழே பிடித்துக்கொண்டது என்று சுமித்ராவைத் தைலம் தேய்க்கச் சொன்னாள். மகள் தேய்த்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் கையை நிறுத்தினாள். "ம்மா, இதுல ஒண்ணு மட்டும் நல்லா கறுப்பா இருக்கே. முன்னாடியே இருந்துச்சா?" எனக்கெப்படித் தெரியும் என்றாள் வசுமதி. உண்மையிலேயே தெரியாது. உடம்பில் பிறந்ததிலிருந்து இருக்கிற ஒன்றை அவள் முழுதாக ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள், பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் கையில் சின்னக் கண்ணாடியை வைத்துக்கொண்டு. பழுப்பாக ஏதோ தெரிந்தது, யாரோ ஒரு பெண்பிள்ளையின் முதுகு. உடனே கண்ணாடியைக் கவிழ்த்துவிட்டாள். போன வாரம் இதே அறையில் டாக்டர் கண்ணாடி பதித்த விளக்கொன்றை முதுகில் வைத்து அழுத்தி, சுவரில் இருந்த திரையில் காட்டினார். கோடையில் வற்றிப்போன ஆற்றுப் படுகை மாதிரி இருந்தது, அங்கங்கே கறுத்த கூழாங்கல். "நீவஸ் ஸ்பைலஸ்னு பேருங்கம்மா. பழுப்புத் திட்டு, அதுமேல தெளிச்ச மாதிரி கறுப்புப் புள்ளிங்க. இவ்வளவு பெருசா இருக்கிறது அபூர்வம். முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணும் செய்யாது, சும்மா இருக்கும். எப்பவாவது ஒரு புள்ளி கெட்டுப்போகும். அதனாலதான் கேக்கறேன், இது அப்படியே இருக்கா, வளர்ந்திருக்கா? எல்லை நகர்ந்திருக்கா? பார்த்தவங்க யாராச்சும் இருக்காங்களா?" அவள் சுமித்ராவைப் பார்த்தாள், சுமித்ரா அவளைப் பார்த்தாள். பார்த்தவர் இருந்தார், போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது என்று அந்த அறையில் எப்படிச் சொல்வது. எல்லை நகர்ந்திருந்தால் முழுசாக எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்றார், தொடையிலிருந்து தோல் எடுத்து அங்கே வைத்துத் தைக்க வேண்டியிருக்கும். நகரவில்லை என்றால் சந்தேகப்படுகிற இடத்தில் மட்டும் கடுகளவு எடுத்து அனுப்பினால் போதும். முழுசாக. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒரு சொல். சுமித்ரா ஆட்டோவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எடுத்துட்டா நிம்மதிதானேம்மா, முதுகுதானே, யார் பார்க்கப் போறா, என்றாள். யார் பார்க்கப் போகிறார்கள். சரிதான்.

அம்மா இருந்தவரை அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதே கவலை. குளிக்கும்போது கதவைச் சாத்து, ரவிக்கைக்குக் கழுத்தை ஏற்றித் தை. வயிற்றுப்பிள்ளைக்காரி கிரகணத்தன்று வெளியே வந்து முதுகைச் சொறிந்துகொண்டாளாம், அதுதான் பிள்ளை முதுகில் விழுந்துவிட்டது என்று சாகும்வரை தன்னையே நொந்துகொண்டாள். பெண் பார்க்க வந்தபோது சொல்லவில்லை. கல்யாணமாகிப் பத்து நாள் வசுமதி இருட்டில்தான் சேலை மாற்றினாள். பதினோராம் நாள் காலையில் ஈரத்தலையோடு திரும்பி நின்றவளை அவர் பார்த்துவிட்டார். அவள் துண்டை இழுத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். பிறகு, "ஏன் புள்ள, இவ்வளவு நல்ல மேப்பை முதுகுல வெச்சுக்கிட்டு என்கிட்ட காட்டாம இருந்திருக்கியே" என்றார். அன்றிலிருந்து அது அவருடைய கண்ணிலும் விரலிலும்தான் இருந்தது. இங்கே ஒரு ஏரி, இது வாய்க்கால், இதோ மூன்று பனைமரம் வரிசையாக, என்று தொட்டுத் தொட்டுச் சொல்லுவார். அவள் குப்புறக் கிடந்து கேட்டுக்கொண்டிருப்பாள். தன் உடம்பில் ஓர் ஊர் இருந்ததை அவள் இன்னொருவர் சொல்லித்தான் அறிந்தாள், அந்த ஊருக்கு ஒரே ஒருவர்தான் போய் வந்துகொண்டிருந்தார். இப்போது அங்கே யாரும் போவதில்லை. தைலம் தேய்க்கிற கை மட்டும் எப்போதாவது, அதுவும் அவசரமாக.

தாள் கிடைத்தது முந்தாநாள். அவருடைய பழைய தோல்பையில், துருப்பிடித்த கவராயத்துக்கும் கை திசைகாட்டிக்கும் அடியில், நாலாக மடித்து. மேலே அச்சடித்த மாதிரி அவருடைய எழுத்து: புல எண் 1. கிராமம் வசுமதி. அளவு ஒன்றுக்கு ஒன்று. நடுவே முதுகெலும்பு நேர்கோடாக, அதிலிருந்து இத்தனை சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி, இத்தனைக்கு ஒரு புள்ளி, வயலை அளக்கிற அதே முறை. கறுப்புப் புள்ளி பதினொன்றுக்கும் எண் போட்டிருந்தார். கீழே தேதி, எண்பத்தெட்டாம் வருஷம் சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தரையின் குளிர்ச்சிதான் முதலில் வந்தது. பென்னாகரத்து வாடகை வீடு, சிவப்புச் சிமெண்டுத் தரை, வெளியே கொளுத்துகிற மதியம். தொட்டிலில் ஆறு மாதச் சுமித்ரா. கவராயத்தின் முள் முதுகில் பட்டபோது ஐஸ்கட்டி மாதிரி இருந்தது, அவள் நெளிந்தாள், அவர், அசையாதே, எல்லை மாறுது, என்று அதட்டினார், அந்த அதட்டலுக்கே இன்னும் சிரிப்பு வந்தது. அதெல்லாம் பொய்யா. அந்த மதியம் இருந்தது, அந்த முள் இருந்தது, அப்படியானால் தாள் மட்டும் ஏன் தப்பாக இருக்கிறது. வேறு எந்த முதுகை, சீ. இந்த வயதில், இந்தக் கட்டிலில் கிடந்துகொண்டு, செத்துப்போன மனுஷனைப் போய். ஆனால் நினைப்பு அங்கேயும் ஓர் எட்டு போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்பியது. இடத்தை வலமாக, கீழை மேலாகப் போடுகிறவர் அவரில்லை. பார்த்துக்கொண்டே பார்க்காமல் இருக்க முடியுமா? கவராயத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனசை வேறெங்கோ வைத்திருந்தாரா? அப்படியானால் ஏரி, வாய்க்கால், மூன்று பனைமரம், எல்லாமே வாய்க்கு வந்ததுதானா? அவள்தான் இத்தனை வருஷமாக அந்த ஊரை நம்பிக்கொண்டிருந்தாளா? கடுகளவு எடுத்தால் என்ன, முழுசாக எடுத்தால்தான் என்ன. இல்லாத ஊரை யார் வெட்டியெடுத்தால் என்ன.

ஓய்வு பெற்ற வருஷத்தில் ஒருநாள் மத்தியானம் அவர் அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றது ஞாபகம் வந்தது. "வசு, ஒரு பக்கம் அளக்காமலே கிடக்கு. வர்றியா, இன்னிக்கு முடிச்சுரலாம்." அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "போங்க, உங்களுக்கு வேற வேலை இல்ல. பேரப்புள்ளை எடுக்கிற வயசுல." அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். சிரித்துக்கொண்டேதான் போனார், அவள் நன்றாகப் பார்த்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் நெஞ்சுவலி. கையைக் கழுவிக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், புளிதான் கொஞ்சம் ஊறியிருக்கும். அந்தப் புளியின் நாற்றம் இப்போது இந்த டெட்டால் வாசனைக்குள் வந்து கலந்தது, அவள் விரலை மடக்கிக்கொண்டாள், இன்னும் பிசுபிசுப்பது மாதிரி.

"அம்மா, கொஞ்சம் எந்திரிக்கறீங்களா? லைட்டு அந்தப் பக்கம்ல இருக்கு. தலையை அங்க வெச்சுப் படுத்துக்கோங்க, இல்லாட்டி டாக்டர் என்னைத் திட்டுவார்" என்றாள் பெனிட்டா. வசுமதி துணியை மார்போடு பிடித்துக்கொண்டு எழுந்து, காலை மாற்றி, தலைமாட்டைக் கால்மாட்டாக்கி மறுபடி குப்புறப் படுத்தாள். படுத்ததும் ஏதோ சரியில்லை. தலைக்குள் ஒரு பாரம், அம்மாவின் குரல் மாதிரி. "ஏம்மா, இது எந்தத் திசை?" "எதும்மா?" "இப்ப என் தலை இருக்கிற பக்கம்." பெனிட்டா சிரித்தாள். "ஏசி இருக்கிற பக்கம்ங்கம்மா. நர்ஸிங்ல திசையெல்லாம் எங்க சொல்லித் தந்தாங்க." வசுமதி கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் மறுபடி வந்து பார்த்தாள். காலையில் மாடிப்படி ஏறும்போது வெயில் முதுகில் அடித்தது, ஆக மேற்கே பார்த்து ஏறினோம். மேலே வந்து வலது கைப்பக்கம் திரும்பினோம். நேராக இந்த அறை. கதவுக்கு நேர் எதிரே விளக்கு. வடக்கு. தலை வடக்கே இருக்கிறது. வாழ்நாளில் ஒருநாள்கூட அப்படிப் படுத்ததில்லை. அம்மா பாயை விரித்த கையோடு தலையணையைத் தெற்கே போட்டுவிட்டுத்தான் போவாள். கல்யாணமான பிறகும் அவள் பகல்தூக்கத்துக்குக்கூடத் தெற்கே தலைவைத்துத்தான் சாய்வாள். அவர் திசைகாட்டியை எடுத்துத் தரையில் வைத்து வம்புக்கு இழுப்பார். "இந்த வீட்டுச் சுவரே நாலு டிகிரி கோணல். நீ தெற்குன்னு நெனச்சுப் படுக்கற இடம் தெற்கே இல்ல, உங்கம்மாகிட்டச் சொல்லு." அந்தச் சித்திரை மதியமும் அப்படித்தான் வைத்தார். பித்தளை மூடியைத் திறந்து அவள் காதருகே வைத்தார், முள் ஆடி ஆடி நின்றது, அவள் கால்மாட்டைக் காட்டிக்கொண்டு. அவள் கால்மாட்டை. வசுமதி கண்ணைத் திறந்தாள். வெள்ளைத் தரை. தலை தெற்கே, கால் வடக்கே. அவர் வாழ்நாளில் எந்தத் தாளைத் தொட்டாலும் மேல்பக்கத்தில் முதலில் ஓர் அம்பு போடுவார், வடக்கு மேலே, எல்லா வயலுக்கும், எல்லாக் கிணற்றுக்கும். எதிரில் கிடந்தது பெண்டாட்டியே ஆனாலும் வடக்கு மேலேதான்.

"டாக்டரைக் கூப்பிடும்மா." "வந்துருவாருங்க, இன்னும் அஞ்சு நிமிஷம்." "இப்பவே கூப்பிடும்மா." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. நீலச் செருப்பு வேகமாக வந்து நின்றது. என்னம்மா, மயக்கமா வருதா என்றார் டாக்டர். "இல்ல தம்பி. அந்தத் தாளைத் தலைகீழாத் திருப்புங்க." "திருப்பினா எழுத்து தலைகீழாயிடுமே." "எழுத்து கெடக்கட்டும். மேல ஓரத்துல ஓர் அம்பு இருக்கா? அது வடக்கு. நான் அன்னிக்குத் தெற்கே தலைவெச்சுப் படுத்திருந்தேன். அவர் சர்வேயர். வடக்கை மேல வெச்சுத்தான் போடுவார். என் காலுதான் மேல இருக்கு." தாள் திரும்புகிற சத்தம். பிறகு முதுகில் அதன் விளிம்பு வந்து தொட்டது, மெல்லிசாக, தாளின் பழசு தெரிய. அவர் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார், ஒன்று, இரண்டு, உறையணிந்த விரல், மூன்று, அவள் தனக்குள் மூன்று பனைமரம் என்று சொல்லிக்கொண்டாள், ஏழு, எட்டு, இது ஏரி மேட்டில், பதினொன்று. டாக்டரின் குரலில் இப்போது ஒரு மரியாதை இருந்தது. "அம்மா, பதினொண்ணும் போட்டது போட்ட இடத்துல இருக்கு. வாலும் கீழதான் வருது. ஓரம் ஒரு மில்லிமீட்டர் நகரல. எங்ககிட்ட கேமரா இருக்கு, நாங்களே இவ்வளவு சுத்தமா எடுக்க மாட்டோம்." கட்டிலின் ரெக்சின் விரிப்பு வசுமதியின் கன்னத்தில் ஒட்டியிருந்தது, அங்கே ஈரமாக இருந்தது. பார்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"ஆனா ஒரு பக்கம் மட்டும்," என்று டாக்டர் இழுத்தார். அவளுக்குத் தெரியும். "விலாப் பக்கம் கோடு இல்லைங்க, புள்ளி புள்ளியா விட்டிருக்கார். அங்கே ஓரமா ஏதோ பென்சில்ல எழுதியிருக்கு." அன்று அவள் முதுகில் வைத்த அந்த விளக்கை இப்போது தாளில் வைத்துப் படித்தார். அலுவலகத்துக் குறிப்பைப் படிக்கிற குரல், பாதியில் அந்தக் குரல் தளர்ந்தது. "கிழக்கு எல்லை அளக்கப்படவில்லை. உரிமையாளர் சிரித்தபடியால்." பெனிட்டா களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஆமாம், கவராயம் விலாவுக்கு வந்தது. அங்கேதான் அவளுக்குக் கூச்சம். பாம்பு மாதிரி சுருண்டு சிரித்தாள், பென்சில் உருண்டு தொட்டிலுக்கடியில் போனது, சுமித்ரா விழித்து வீரிட்டாள், அவள் எழுந்து ஓடினாள். மீதியை நாளைக்குப் பார்த்துக்கலாம் என்றார் அவர். "அந்தக் கறுப்பு எங்க இருக்கு தம்பி?" "அந்தப் பக்கம்தாங்கம்மா. முன்னமே இருந்ததா, புதுசா வந்ததான்னு அந்த ஒரு இடத்துக்கு மட்டும் சொல்ல முடியல. அங்க மட்டும் கொஞ்சம் எடுத்து அனுப்பறேன். பத்து நாள்ல தெரிஞ்சுரும். மீதியைத் தொட வேண்டியதில்லை." மீதியைத் தொட வேண்டியதில்லை. அவர் அளந்த மூன்று பக்கமும் இருக்கும். அவள் அளக்க விடாத அந்த ஒரு பக்கத்தில்தான் என்ன வந்திருக்கிறதோ வந்திருக்கிறது. அன்று சிரிக்காமல் இருந்திருந்தால், இல்லை, அன்று போகட்டும், புளி கரைத்த அன்றாவது போயிருந்தால் இன்று தெரிந்திருக்கும். அல்லது தெரிந்திருக்காது. பத்து நாளில் வருகிற காகிதம் எதைச் சொன்னாலும் அவர் சொல்லியிருக்கக்கூடியதை அது சொல்லப்போவதில்லை.

பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. "எடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஓரத்தை முதுகுல வரைஞ்சுக்கறேங்க. அப்படியே சார் போட்ட தாள்லயும் அந்தக் கோட்டை முடிச்சிரட்டுமா? அடுத்த தடவை பார்க்கறப்ப உதவியா இருக்கும்." வசுமதி தலையை ஆட்டினாள், தாளில் வேண்டாம் என்பது அவருக்குப் புரியும்வரை ஆட்டினாள். "முதுகுல போடுங்க. தாள்ல வேண்டாம்." டாக்டர் தாளை மடித்துப் பெனிட்டாவிடம் கொடுத்தார். "கொஞ்சம் கூச்சமா இருக்கும். அசையாதீங்கம்மா." பேனாவின் ஈரமுனை தோள்பட்டைக்குக் கீழே வந்து அமர்ந்தது, ஐஸ்கட்டி மாதிரி, அங்கிருந்து மெல்ல மெல்ல விலாவை நோக்கி இறங்கியது. சிரிப்பு எங்கிருந்தோ கிளம்பி வந்தது. முப்பத்தாறு வருஷமாக உடம்பில் எங்கே இருந்ததோ, அதே இடத்திலிருந்து, அதே வழியாக வந்தது. அவள் கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். மூச்சை அடக்கிக்கொண்டாள். கோடு கிழக்கு ஓரமாக நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் அசையவில்லை.